பழைய நேரம்

ஒரு நிரல்மொழி. அதற்கு நாற்பத்தொரு துணைப்பொதிகள்.
முப்பத்தொன்பதைக் கட்டி அனுப்பிவிட்டேன்,
மல்லாவியிலிருந்து, ஒரு டொங்கிளால்,
மழை விட்ட இடைவெளிகளில்.

எழுதுவது வேறு ஆட்கள்.
நான் பெயரைச் சரிபார்ப்பேன், உரிமத்தைத் தேடுவேன்.
(ஒருவர் "இஷ்டம்போலப் பாவியுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.
இஷ்டம் உரிமமாகாது என்று மூன்று கடிதம் போட்டேன்.
நாலாவதுக்கு அவருடைய மகள் பதில் போட்டாள்.)
எது எதன்மேல் நிற்கிறது,
எதை இழுத்தால் எது விழும் என்று
வரிசையாய் எழுதி வைப்பேன்.
லினக்ஸ்காரர் ஒரு கட்டளையில் நிறுவிவிட்டுப்
போய்க்கொண்டே இருப்பார்கள். அதுதான் வேண்டும்.

வவுனிக்குளத்தில் துருசு திறக்கும் நாளைக்
கூட்டம் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.
பிந்தி விதைத்தவனுக்குக் குளம் பொறுப்பில்லை.
எங்கள் வெளியீட்டுக்கும் அப்படியொரு திகதி இருக்கிறது.
இன்னும் ஒன்பது நாள்.

நாற்பதாவது, நேரம் கணிக்கிற பொதி.
இரண்டாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சோதனை.
எல்லாம் பச்சை.
பச்சை என்றால் அனுப்பலாம், விதி அவ்வளவுதான்.
சும்மா
என் பிறப்பைக் கொடுத்துப் பார்த்தேன்:
தொண்ணூற்றெட்டு, ஒக்ரோபர் பத்தொன்பது,
விடியப்புறம் நாலு பத்து, வலயம் கொழும்பு.
உலக நேரத்தில் முதல்நாள் இரவு பத்து பத்து என்றது.

இல்லை. பத்து நாற்பது.

பொதியில் பிழையில்லை.
தொண்ணூற்றாறில் கொழும்பு முள்ளை முன்னுக்குத் தள்ளியது.
வன்னி தள்ளவில்லை.
பத்து வருடம்
காவலரணுக்கு அந்தப் பக்கம் புதிய நேரம்,
இந்தப் பக்கம் பழைய நேரம்.
உலக நேரங்களின் அட்டவணையில் அது இருக்கிறது,
முன்னால் குறியிட்ட ஒரு குறிப்பு வரியில்:
மனிதர் வாசிக்கலாம்,
கணினி தாண்டிப்போகும்.

மேலே அறிவித்தேன்.
இரண்டு நாளில் பதில் வந்தது, மரியாதையாகத்தான்.
வலயத்துக்கு ஒரு நகரத்தின் பெயர் வேண்டும், எந்த நகரம்?
எல்லை எது?
சான்று உண்டா?

எல்லை மாதத்துக்கு மாதம் நடந்துகொண்டிருந்தது.
ஒரு பைலில் நிற்கிற சாமான் அல்ல.
ஆசுப்பத்திரி அட்டை இரண்டாயிரத்தொன்பதில்
மற்றச் சாமான்களோடு போய்விட்டது.
மருத்துவிச்சி கையைத் திருப்பி மணி பார்த்துச் சொன்னாளாம்.
சான்று: அம்மா.
அந்தப் பெட்டியில் இதை எழுதி, பிறகு அழித்தேன்.

ஒட்டு ஒன்று வைத்திருக்கலாம்.
என் கையில்தான் பொதி, பதினொரு வரி போதும்,
எழுதியும் வைத்திருந்தேன்.
ஆனால் முகம் தெரியாத இருபதாயிரம் கணினிகளின் மணியை
என் பிறப்புக்காகத் திருத்துவது
பொதி கட்டுகிறவள் செய்கிற வேலை இல்லை.
ஒட்டை எடுத்தேன். உள்ளபடியே அனுப்பினேன்.
மின்சாரம் போக முதல் ஏறிவிட்டது.

அந்தப் பதினொரு வரியையும் தனியாய் ஒரு பொதி ஆக்கினேன்.
யாரும் கேட்டாலொழிய வராது,
எதுவும் அதன்மேல் நிற்காது.
சரிபார்க்கிற நிரல் பதிப்புரிமை யாருக்கு என்று கேட்டது.
அதற்கு நெடுநேரம் இருந்தேன்.
பராமரிப்பவர் என்ற இடம் சுகம்:
இ. வினோஜா, மல்லாவி.
விபரம் ஒரு வரிக்குள் அடங்க வேண்டுமாம்,
"அரை மணித்தியாலம் பிந்திய இடங்களுக்கு" என்று எழுதி,
"பிந்திய" என்பதை வெட்டி,
"வேறான" என்று போட்டேன்.

நிறுவிய கணினிகள்: ஒன்று. அது என்னுடையது.

போன கிழமை மூன்று.
ஒன்று மாங்குளத்தில் சாந்தரூபனின் கடை,
நான்தான் நச்சரித்தேன்.
மற்றது யாரென்று தெரியாது.
எண்ணிக்கை பெயர் சொல்லாது, ஊரும் சொல்லாது.

நாற்பத்தோராவது இன்னும் கட்டுப்படவில்லை.
கட்டும்போது இணையம் கேட்கிறது.
கொடுக்கக்கூடாது.